சான்யால் பாபுவின் தண்ணீர்த் தொட்டி

என் மனைவி வடிவு, தான் நேரில் பார்த்தே இராத ஒரு மனிதரை எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் என் ஃபோர்மன் சான்யால் பாபு. அவர் செய்த குற்றம், தினமும் வேலை முடிந்ததும் என் காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட வீட்டுக்கு அனுப்பியது. கல்கத்தா மழைக்காலத்தில் கொடியில் காய்ந்த துணியே மறுபடி நமுத்துப்போகும். ஈரமாக வந்த துணி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “அந்த ஆளு கையில கெடச்சா அவரையே தொட்டியில முக்கிருவேன்” என்பாள்.

அவரைப் பற்றி எழுதும்படி ஆனதற்குக் காரணம் மௌசுமி என்ற பெண். ஹூக்ளி ஆற்றின் ஹௌரா கரையில், ஆற்றில் ஓடும் லாஞ்சுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. பெயர் வேண்டாம், அதில் உள்ளவர்கள் இன்னும் சோறு சாப்பிட வேண்டும். நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து அங்கே சேஃப்டி ஆபீசராக வந்தவள் மௌசுமி. போன குளிர்காலத்தில் ஒரு காலை போன் செய்தாள். ‘ஷ்யாமலி’ என்ற பழைய லாஞ்சைக் கரையேற்றிக் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். கேபினுக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவே உள்ள தேக்குத் தடுப்பில் பழுப்பாக, தடிமனாக ஒரு பூச்சு இருக்கிறது, அதில் என்னவெல்லாம் கலந்தீர்கள் காகு என்று கேட்டாள். காகு என்றால் சித்தப்பா. முன்பின் பார்க்காத கிழவனைச் சித்தப்பா என்று கூப்பிட்டுக் காரியம் சாதிப்பது வங்காளிப் பெண்களுக்குக் கைவந்த கலை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று, சமையல் குறிப்பு சொல்வதுபோல விலாவாரியாகச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, அந்த வெள்ளைப் பவுடர் ஆஸ்பெஸ்டாஸ், பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வந்துவிட்டது என்றாள். அதன் நார் கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது, இருபது முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டுக்கூட நுரையீரலைப் பிடிக்கும் என்று சொன்னாள். அந்தப் பூச்சில் கை வைத்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை நெஞ்சைப் பார்த்துக்கொள்வது நல்லது என்றாள். நான் சரி என்றேன். எழுபது வயதில் நெஞ்சில் என்ன இருந்தால் என்ன என்ற அசட்டுத் தைரியம்.

அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

“காகு, உங்க வேலைத் துணியை வீட்ல யார் துவைச்சாங்க?”

வடிவு அப்போது சமையலறையில் இருமிக்கொண்டிருந்தாள். துர்கா பூஜை முடிந்ததிலிருந்தே அந்த வறட்டு இருமல். சிரித்தால் இருமல், போனில் பேசினால் இருமல். சுக்கு, மிளகு, துளசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. குளிர் போனால் போய்விடும் என்று இருந்தோம். துணி துவைத்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது, புருஷனுடைய சட்டையை உதறி உதறியே அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் உண்டு என்று மௌசுமி சொல்லிக்கொண்டே போனாள். போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றேன். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்றைக்கு முழுவதும் எனக்குப் பட்டறை நினைவுதான்.

அப்பாவுக்கு சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் அங்கேயே பள்ளி முடித்து, ஐ.டி.ஐ.யில் தச்சு படித்து, பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்ததில் உள்ளங்கை ரேகை மழுங்கியது, வங்காளி வசவு எல்லாம் வாயில் ஏறியது. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பிறகு பாலிஷ் செக்‌ஷனில் போட்டார்கள்.

அங்கே எங்கள் கைச்சரக்கு ‘மசாலா’. பட்டறையே வைத்த பெயர். சாக்கில் வரும் வெள்ளைப் பவுடரை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, மரத்துக்கு நிறம் ஏற்றும் பழுப்புச் சாயத்தையும், பூச்சி அரிக்காமலிருக்க அடிக்கும் கறுப்பு எண்ணெயையும் சேர்த்துப் பிசைவோம். நீர்த்துக் கலந்தால் தேக்கின் நுண்துளைகளை அடைக்கும், மேலே பாலிஷ் வழுவழுவென்று நிற்கும். கெட்டியாகக் கலந்தால் எஞ்சின் பக்கத்துத் தடுப்புகளில் அப்பலாம், சூடும் தாங்கும், பூச்சியும் வராது. அந்த வெள்ளைப் பவுடரை நாங்கள் ‘ஷாதா’ என்போம், வெள்ளை என்று அர்த்தம். அது விஷம் என்று யாரும் மறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. தீப்பிடிக்காத பொருள் என்று பெருமையாகத்தான் நினைத்தோம். மிச்ச மசாலாவை டின்னில் போட்டு வீட்டு ஜன்னலுக்குப் பூச எடுத்துப் போகிறவர்கள் நிறைய. நான் எடுத்துப் போனதில்லை. நல்ல புத்தி என்று நினைக்க வேண்டாம், எங்கள் டாகுரியா வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்.

பூசுகிறவரை அது சாது. காய்ந்தபின் தேய்ப்பதும், பழையதைச் சுரண்டுவதும்தான் வினை. பக்கத்துத் தச்சு செக்‌ஷனில் போய்ப் பார்த்தால் எல்லோரும் மாவு மில்லில் வேலை பார்க்கிறவர்கள் மாதிரி இருப்பார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் காற்று அழுத்தும் குழாயை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் அடித்துக்கொள்வார்கள். சட்டையிலிருந்து தூசி புகையாகப் பறக்கும். தலை, காது, முதுகு என்று திரும்பித் திரும்பிக் காட்டுவார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஹோலிக்கு அடுத்தபடி பட்டறையில் குஷியான நேரம் அதுதான். காற்றில் அடித்த சட்டை சுத்தமான சட்டை என்று அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

சான்யால் பாபு எங்கள் செக்‌ஷனுக்கு ஃபோர்மனாக வந்த வாரமே எங்களிடம் இருந்த காற்றுக் குழாயைக் கழற்றி எடுத்துவிட்டார்.

ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் சோம்பு டப்பா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு டார்ச். வார்னிஷ் காய்ந்த பலகையை வெளிச்சத்தில் பார்க்கமாட்டார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு டார்ச்சைச் சாய்வாக அடிப்பார். ஒரு கடுகளவு தூசி ஒட்டியிருந்தாலும் அதன் நிழல் நீளமாக விழும். சுண்டுவிரல் நகத்தால் அதைத் தொட்டுப் பார்த்து, “ப்ரோனோ” என்பார். பரு. பிறகு நம்மிடம் ஒன்றும் பேசமாட்டார், பலகையிடம்தான் பேசுவார். “உனக்கு யார் இப்படிச் செஞ்சது? சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று நோயாளியிடம் டாக்டர் கேட்பதுபோலக் கேட்பார். பின்னால் நிற்கிற எங்களுக்கு வேர்த்துவிடும். அவர் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

தூசிதான் அவருக்கு ஜென்ம விரோதி. அதனால் எல்லாவற்றுக்கும் தண்ணீர். விளக்குமாறு செக்‌ஷனுக்குள் வரக்கூடாது, ஈரச் சாக்கால்தான் தரையைத் துடைக்க வேண்டும். ஷாதா சாக்கைப் பிரிக்குமுன் அதன் வாயில் தண்ணீர் தெளிக்க வேண்டும். உலர்ந்த உப்புத்தாள் தொடவே கூடாது. பாலிஷ்காரனுக்கு இது பெரிய அக்கிரமம். தண்ணீர் பட்டால் மரத்தின் நார் எழும்பிக்கொள்ளும், அரக்கு ஒரு கை பூசி, எண்ணெய் தொட்டு மறுபடி தேய்க்க வேண்டும், ஒரு வேலை இரண்டு வேலையாகும். எங்கள் ஊரில் மடி ஆசாரம் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர் அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன். பட்டறையில் அவருக்கு ஜல்பாபு என்றே பெயர் விழுந்தது.

அப்படியும் பலகையில் பரு வந்தது. எங்கிருந்து என்று ஆராய்ந்தவர், காலையில் நாங்கள் போட்டுக்கொண்டு வரும் நேற்றைய சட்டையிலிருந்துதான் என்று கண்டுபிடித்தார். செக்‌ஷன் வாசலில் ஒரு காலத்தில் நாற்காலிப் பிரம்பு ஊறவைத்த சிமெண்ட் தொட்டி இருந்தது. அதை நிரப்பச் சொன்னார். அன்று முதல் சங்கு ஊதியதும் காக்கியைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பிழிந்து, பையில் போட்டுக்கொண்டு, மாற்றுடையில் வீட்டுக்குப் போக வேண்டும். தொட்டித் தண்ணீரையும் வாளியில் அள்ளித்தான் சாக்கடையில் ஊற்ற வேண்டும். யூனியன்காரர்கள் வந்து இது பட்டறையா, தோபி கானாவா என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் ஒரு பலகையைக் காட்டி டார்ச்சை அவர்கள் கையில் கொடுத்தார். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. “தெரியலையா? எனக்குத் தெரியுதே” என்றார் வருத்தமாக. அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் நெஞ்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கே தெரியாது. அவருடைய கவலை முழுக்க வார்னிஷ்தான். இதைப் பின்னால் வந்த மரியாதையில் நான் மறந்துவிடக்கூடாது.

ஈரப் பையோடு ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் நிற்பது பெரிய கூத்து. பையிலிருந்து சொட்டும். பக்கத்தில் நிற்கிற பாபுமார் எட்டிப் பார்த்து, என்ன மீன் தாதா, இலிஷா, கிலோ என்ன விலை என்று அன்பாக விசாரிப்பார்கள். முட்டைகூடத் தொடாத சைவப்பிள்ளை நான். சட்டை என்று சொன்னால் நம்பமாட்டார்கள், விலையை மறைக்கிறான் என்று நினைப்பார்கள். கடைசியில் இலிஷ்தான் என்று ஒத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வீட்டில் வடிவு பையை வாங்கி நேரே குளியலறையில் கவிழ்ப்பாள். அவள் பிறந்த வீட்டுப் பழக்கம், எந்தத் துணியையும் நாலு உதறு உதறாமல் நனைக்கமாட்டார்கள். ஆனால் நனைந்து வந்த துணியை எங்கே உதறுவது? அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் திட்டினாள்.

ஷ்யாமலி விவகாரம், நான் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனபின் நடந்தது. துர்கா பூஜை முடிந்து சிலைகளை ஆற்றில் கரைக்கும் நாளில், பெரிய அதிகாரிகள் அந்த லாஞ்சிலிருந்து வேடிக்கை பார்க்க ஏற்பாடு. கேபின் முழுவதும் புதுப் பலகை போட்டு, கடைசிக் கை வார்னிஷ் அடித்துக் காயவிட்டிருந்தோம். அப்போதுதான் தடுப்பின் எஞ்சின் பக்கத்தில் பழைய மசாலா சூட்டில் வெடித்து, செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தார்கள். மேனேஜர் புதிதாக வந்த மின்சாரத் தேய்ப்பு மெஷினை அனுப்பினார். அதை ஓட்டத் தெரிந்தவன் தச்சு செக்‌ஷன் செல்வராஜ் ஒருவன்தான். மதுரைக்காரன், என்னைவிடச் சின்னவன், மெஷினைக் கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். அதை வைத்தால் அரைநாளில் தடுப்பு பளிச்சென்று ஆகிவிடும். ஒரு புழுதிப் புயலும் எழும்பும்.

வேண்டாம், இடுக்கு வழியாகத் தூசி கேபினுக்குள் வந்துவிடும் என்றார் சான்யால் பாபு. தார்ப்பாய் கட்டு என்றார் மேனேஜர். தார்ப்பாயில் நிற்காது என்றார் இவர். நிற்கும் என்றார் அவர். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தபின் மேனேஜர், ஆரம்பி என்று செல்வராஜுக்குக் கை காட்டினார். செல்வராஜ் பிளக்கைச் சொருகப் போனான்.

சான்யால் பாபு கயிறு கட்டிய வாளியை ஆற்றில் விட்டு, நிறைய மொண்டு, எங்களைத் தாண்டி உள்ளே போய்த் தடுப்பின் மேல் ஊற்றினார். திரும்பி வந்து இன்னொரு வாளி மொண்டார்.

“என்ன செய்யறீங்க?” என்றார் மேனேஜர்.

“ஜல் டால்சி, ஸார்” என்றார் இவர். தண்ணி ஊத்துறேன் ஸார். வீட்டில் செடிக்கு ஊற்றுகிறவர் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு செல்வராஜிடம் திரும்பி, ஈரத்தில் மெஷினை வைக்காதே, ஷாக் அடிக்கும் என்றார். தடுப்பு ஓரத்திலிருந்து ஓரம் வரை சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அப்புறம் நாங்கள் அதைக் கையால் செய்தோம். வாசல்களில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். ஒருவன் பஞ்சால் ஈரம் ஒற்றிக்கொண்டே இருப்பான், மற்றவன் அந்த ஈரத்துக்குள்ளேயே சுரண்டியால் மெதுவாக நெம்புவான். உதிர்வது மட்டும்தான் வர வேண்டும், கெட்டியாக ஒட்டியிருப்பதைத் தொட்டால் சான்யால் பாபு மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். சுரண்டியது தரையில் விழக்கூடாது, கீழே விரித்த ஈரச் சாக்கில் விழ வேண்டும். நிறைந்ததும் வாயைக் கட்டி அப்படியே வெளியேற்ற வேண்டும். மிச்சத்தின் மேல் அரக்கு பூசி மூடினோம். பொறுமை போய், முதுகு போய், திட்டிக்கொண்டே செய்தோம். சிலை கரைக்கும் நாள் வந்து போய்விட்டது. அதிகாரிகளுக்கு வாடகை லாஞ்ச் வைத்தார்கள். சான்யால் பாபுவுக்கு வர இருந்த பதவி உயர்வு அத்தோடு நின்றது, ஃபோர்மனாகவே ஓய்வு பெற்றார். ஷ்யாமலி கேபினில் மட்டும் ஒரு பரு கிடையாது. மாறுதலாகிப் போகும்வரை அந்த மேனேஜரும், தன் லாஞ்ச் என்று எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டார்.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. சான்யால் பாபு வருமுன் நான் போட்டுக்கொண்டு வந்த சட்டைகள் இருக்கின்றனவே. புதுப்பெண்ணாக வந்த வடிவு அவற்றை உதறியிருக்கிறாளே. மௌசுமியிடம் மறுபடி போன் போட்டு, தண்ணீர் போதுமா என்று கேட்டேன். தண்ணீர் தூசியை அடக்கும், ஆனால் அது மட்டும் போதாது காகு, இப்போது முழு உடுப்பு, தனி முகமூடி, மூடிய அறை எல்லாம் வேண்டும், நாங்கள் அந்தத் தடுப்பைச் சுரண்டவே போவதில்லை, அப்படியே மூடி முத்திரை வைக்கப் போகிறோம் என்றாள். பொய் ஆறுதல் சொல்லாத பெண். எனக்குக் கோபமாக வந்தது, பிறகு அதுவே பிடித்தது.

மறைத்து வைக்க எனக்குத் தெரியாது. இரண்டாம் நாளே வடிவு கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அதை ஆய்ந்து முடித்தாள்.

“இத்தன நாளு ஓடியாச்சு. பாத்துருவோம். வந்துருந்தா வந்துட்டுப் போவுது, அதுக்கு நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதிய?” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

இருவருமே போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டோம். முடிவு வருவதற்குள் நான் பட்ட பாட்டை எழுத வரவில்லை. அவள் தூங்குகிறாளா, மூச்சு சீராக வருகிறதா என்று கவனிப்பதே வேலையாகிவிட்டது. அவள் இல்லாத வீட்டில் காபி டிகாஷனை யார் இறக்குவார்கள் என்று ஒரு நாள் நினைத்துவிட்டு, இவ்வளவு அற்பமாகவா நினைப்பேன் என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனால் பயம் அப்படித்தான் வருகிறது, டம்ளர் டபராவைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

டாக்டர் சின்ன வயது வங்காளி. என் படத்தைப் பார்த்து, வயசுக்கு ஏற்றபடி இருக்கிறது, வேறொன்றுமில்லை என்று ஓரமாக வைத்தார். வடிவின் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் சாப்பிடுகிற மாத்திரைகளைக் கேட்டார். ரத்தக் கொதிப்புக்குப் பூஜையை ஒட்டித்தான் ஒரு புது மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதன் அட்டையைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

“மாஷிமா, உங்க நெஞ்சு சுத்தமா இருக்கு. இருமல் இந்த மாத்திரையால. சிலருக்கு ஒத்துக்காது, மாத்தித் தர்றேன்” என்றார்.

நான் அழுதுவிட்டேன். எழுதுவதில் வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன். வடிவு முந்தானையைக் கொடுக்காமல் கைப்பையிலிருந்து கைக்குட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டும்படியும், இன்றைக்கு ஒன்றுமில்லை என்பதுதான் தன்னால் சொல்ல முடிந்தது என்றும் சொன்னார். அது போதும் என்றேன். அங்கிருந்து நேரே லேக் மார்க்கெட் போய், ஆளுக்கு ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு, அவள் கேட்காமலே மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன். அவர் மாற்றிக் கொடுத்த மாத்திரை ஆரம்பித்து மாதம் முடிவதற்குள் இருமல் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

செல்வராஜுக்கு அவ்வளவு சுத்தமாக வரவில்லை. நியூ டவுனில் மகள் வீட்டில் இருக்கிறான், நான் வற்புறுத்தித்தான் பார்த்துக்கொண்டான். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் இரண்டு இடத்தில் தடிப்பு இருக்கிறதாம். தூசி பட்டதற்கு அடையாளம், இப்போதைக்குக் கெடுதல் இல்லை, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்களாம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட மாடிப்படி ஏறி இறங்குகிறான், மூச்சு வாங்கவில்லை. “நாங்க காத்துக் குழாய்ல ஆடுன ஆட்டம்ணே. ஷ்யாமலில அந்த ஆளு தண்ணிய ஊத்துனப்ப எனக்கு என்னா கோவம் தெரியுமா? மெஷின ஓட்ட விடலயேன்னு ஒரு வருசம் அவரோட பேசலண்ணே” என்றான். பிறகு, மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றான்.

வடிவுதான் ஆரம்பித்தாள், சான்யால் பாபு வீட்டுக்கு ஒரு தடவை போய் வர வேண்டும் என்று. அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. தொண்ணூறை எட்டிப் பிடித்து, தூக்கத்தில் போனவர். அவர் மனைவி சிப்பூரில் மகனோடு இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு போனோம். பௌதி, அதாவது எங்களுக்கு அண்ணி, எண்பதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கிண்ணென்று இருந்தார். சுவரில் சான்யால் பாபு படம், கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். பட்டறையில் இப்படி ஒரு பவுடர் இருந்தது, அது துணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்து கெடுக்கும், நாங்கள் துணியை ஈரமாகக் கொண்டு வந்ததால்தான் என் மனைவி பிழைத்தாள் என்று நினைக்கிறோம் என்றேன். பௌதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆமாம், எனக்கும் தினம் அந்த ஈரச் சட்டைதான் வரும் என்றார்.

“அப்போ அந்த மேனேஜர் நல்லவரா?” என்று கேட்டார்.

எந்த மேனேஜர் என்று கேட்டேன். துணியை முக்கச் சொல்லி உத்தரவு போட்டது மேனேஜர்தானே என்றார். அப்படித்தான் சான்யால் பாபு வீட்டில் சொல்லியிருக்கிறார். என்ன செய்ய, மேலிடத்து உத்தரவு, பைத்தியக்கார மேனேஜர் என்று சொல்லிப் பையை நீட்டுவாராம்.

வடிவு என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

“மேனேஜர் இல்ல பௌதி. உங்க வீட்டுக்காரர்தான்” என்றேன்.

பௌதி படத்தின் பக்கம் மெல்லத் திரும்பினார். “தினம் அந்த மேனேஜரைத் திட்டுவேன். அவன் வம்சமே விளங்காதும்பேன். இவர் எதிர்ல உக்காந்து, ஆமா ஆமான்னு தலையை ஆட்டிக்கிட்டே சோறு சாப்பிடுவார்” என்றார்.

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் திட்டியிருக்கிறேன் தீதி, தொட்டியில் முக்குவேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன் என்று வடிவு தன் அரைகுறை வங்க மொழியில் சொல்லி, அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வடிவு இருமவில்லை.